ஒரு செண்ட் கிரயம்

ஏன் ரெண்டு டிக்கெட்டுன்னு பாக்கறீங்களா? ஒண்ணு எனக்குங்க. இன்னொண்ணு அதோ, மூணாவது சீட்டுல பச்சைத் துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கறாரே, அவருக்கு. அவரு என்ர மாப்ள, குழந்தைசாமி. பக்கத்துல ஒயர் கூடைய மடியில வெச்சிருக்கறது அவரு சம்சாரம், என்ர தங்கச்சி பூங்கோதை. அவளுக்கு டிக்கெட் வேண்டியதில்லீங்க. பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ்ஸுல கவர்மெண்டு ஓசியா உட்டிருக்குதே. திங்கள், வியாழன் ரெண்டு நாளும் கண்டக்டர் தம்பி, மாப்ள டிக்கெட்டை எங்கிட்டயே கிழிச்சுருவாரு. அவிங்களுக்குத் தெரியாது. பாஸ் மாதிரி ஏதோன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாங்க.

செத்த மெதுவாப் பேசறனுங்க. அவ காதுல உழுந்தா வம்பு. எட்டு மாசமா எங்கூடப் பேச்சில்ல.

மாப்ளைக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல ரெண்டு நாள் பெரியாஸ்பத்திரியில டயாலிசிஸ். எங்க ஊருல இருந்து ஒண்ணே முக்கா மணி நேரம் பஸ்ஸு. போறப்ப இப்பிடி நிமுந்து உக்காந்து போறாருல்ல, சாயங்காலம் திரும்பி வர்றப்ப நீங்க பாக்கோணும். போன மாசம் பஸ் ஸ்டாண்டுலயே சாஞ்சுட்டாரு. ஆரோ சோடா வாங்கிக் குடுத்து எழுப்பி உட்டிருக்கறாங்க. 'வாரத்துக்கு மூணு தடவை பண்ணோணும், இந்த அலைச்சல் ஒடம்புக்கு ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கமா வந்துருங்க'ன்னு டாக்டரு போன வருசமே கண்டிசனாச் சொல்லிட்டாராம். தங்கச்சியும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு சின்ன வீடு பாத்து வெச்சிருக்கறா. இங்க இருக்கற வீட்டை வித்தாத்தான் அங்க போக முடியும். விக்க முடியல.

ஏன் முடியலன்னா, கவர்மெண்டுங்க. வேற ஆரு? அதுக்குத்தான் இந்தப் பையில மனுவைப் போட்டுக்கிட்டுப் பத்திர ஆபீசுக்கு நடையா நடக்கறேன்.

நீங்க எங்க வேலை? காலேஜ்லயா? அப்பச் சொன்னாப் புரியும் உங்களுக்கு. ஒரு மாநிலத்துக்குக் காசு எங்கிருந்து வருது, சொல்லுங்க பாக்கலாம். ஜிஎஸ்டி வந்ததுக்கு அப்பறம் பாதி புடி டெல்லிக்குப் போயிருச்சு. இங்க மிச்சம் கையில இருக்கறது என்ன? சாராயம், பெட்ரோலு, வண்டி வரி, பத்திரம். அவ்வளவுதான். சாராயத்துல கை வெச்சா பொம்பளைங்க திட்டுவாங்க. பெட்ரோல்ல வெச்சா எல்லாருந் திட்டுவாங்க. பத்திரம்னா? ஒரு மனுசன் வாழ்க்கையில ஒருக்கா ரெண்டுக்கா பத்திர ஆபீசுக்குப் போவான். அன்னைக்குக் கல்யாணக் களை வேற மூஞ்சியில இருக்கும். நூத்துக்கு ஒம்பதுன்னா ஒம்பது, கட்டிப்போட்டு லட்டு வாங்கிக் குடுத்துட்டு வந்துருவான். இதெல்லாம் ஆராவது ஒக்காந்து யோசிச்சுத்தான் பண்ணியிருக்கறாங்க. நானும் வரி வாங்குன ஆளுதானுங்க. பேரூராட்சியில முப்பத்தோரு வருசம் பில் கலெக்டரு. சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க, எங்கூருல எந்த வீட்டு நாயும் என்னையப் பாத்துக் கொலைக்காது. அத்தனை வாட்டி நடந்திருக்கறேன்.

வழிகாட்டி மதிப்புன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஒவ்வொரு வீதிக்கும் கவர்மெண்டு ஒரு வெலை போட்டு வெச்சிருக்கும், சதுர அடிக்கு இவ்வளவுன்னு. நீங்க நெசமா எவ்வளவு குடுத்து வாங்குனாலுஞ் செரி, அந்த வெலைக்குக் கொறையாமப் பத்திரச் செலவு கட்டோணும். எங்க பூச்சக்காட்டு வீதிக்கு முன்னால ஐநூத்தி அம்பது. இப்ப ஆயிரத்தி அறநூறு. ஆயிரத்தி அறநூறுங்க. அந்த வீதியில சாக்கடை கெடையாது. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா பன்னி குறுக்க ஓடும். நெசமா விக்கப்போனா தொள்ளாயிரம் தேறாது.

தங்கச்சி வீட்டுக்கு ஒரு பார்ட்டி வந்தாரு. அரிசி மில்லுக்காரரு, தங்கமான மனுசன். இருபத்தி நாலு லட்சம்னு பேசி முடிச்சு, டோக்கனும் போட்டு, பத்திர ஆபீசுக்குப் போனா, கவர்மெண்டு கணக்குல அது நாப்பத்திரெண்டு லட்சம். நாப்பத்திரெண்டுக்குப் பத்திரச் செலவு கட்டு. அதோட உட்டானா? கொறைச்சு வாங்குன மிச்சத்துக்கு நாளைக்கு வருமான வரிக்காரன் வந்து கேப்பான். மில்லுக்காரரு எங்க தங்கச்சிகிட்டக் கையெடுத்துக் கும்புட்டுட்டுச் சொன்னாராம், 'அக்கா, உங்க வீடு நல்லாத்தான் இருக்குது, உங்க வீதிதான் எனக்குக் கட்டுபடியாகல'ன்னு. அதுக்கு அப்பறம் ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டு பேரும் அதே கதை.

எப்பிடி ஐநூத்தி அம்பது ஆயிரத்தி அறநூறு ஆச்சுன்னு கேக்கறீங்க. கேளுங்க, கேக்க வேண்டியதுதான். நாந்தான் ஏத்துனேன்.

நீங்க சிரிக்கறீங்க. அப்ப நெலமை வேறைங்க. நாலு வருசத்துக்கு முன்னால எங்க வீதி வழியா ரோட்டை அகலப்படுத்தறாங்கன்னு அளவுக்காரங்க வந்து, காம்பவுண்டு செவுரெல்லாம் செவப்புப் பெயிண்டுல நம்பர் போட்டுட்டுப் போனாங்க. என்ர வீட்டுல பாதி போகுது. பக்கத்துல தங்கச்சி வீட்டுலயும் பாதி. எங்கப்பன் ஒரே காட்டு நெலத்தை ரெண்டாப் பிரிச்சுக் குடுத்த எடம் அது. எடம் போனா இழப்பீடு குடுப்பாங்க. இழப்பீட்டை எதை வெச்சுக் கணக்குப் போடுவாங்க? வழிகாட்டி மதிப்பு, இல்லாட்டி அந்த வீதியில பதிஞ்ச கிரயம், எது சாஸ்தியோ அது. ஐநூத்தி அம்பதுன்னு இருந்தா எங்களுக்கு என்ன வரும்? வெறும் வாயை மெல்லோணும்.

அந்தச் சமயம் பாத்து மதிப்பை மாத்தறதுக்கு வரைவுப் பட்டியல் ஒட்டுனாங்க பத்திர ஆபீசுல. பொதுமக்கள் ஆட்சேபணை பதினஞ்சு நாளைக்குள்ள தெரிவிக்கலாம்னு போட்டிருந்துச்சு. கூட்டம்னா கூட்டம். எல்லாம் எங்க வீதிக்குக் கொறைங்க, எங்க வீதிக்குக் கொறைங்கன்னு நிக்கறாங்க. நான் ஒருத்தன்தான் போயி, எங்க வீதிக்கு ஏத்துங்கன்னு மனுக் குடுத்தேன். முப்பது வீட்டுக் கையெழுத்தோட. சார்பதிவாளரு ஒரு அம்மா. மனுவை ஒருக்காப் படிச்சாங்க, மறுக்காப் படிச்சாங்க. கிளார்க்கைக் கூப்புட்டுக் காட்டுனாங்க. அப்பறம் எனக்குச் சேர் போடச் சொன்னாங்க. 'என்ர சர்வீசுல ஏத்தச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதானுங்க ஐயா'ன்னு சொன்னாங்க. அவிங்களுக்கும் வருசத்துக்கு இத்தனை வசூல்னு டார்கெட் இருக்கும்ல? எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம். பொதுமக்கள் கருத்துன்னு கவர்மெண்டு கேக்குது, ஒருத்தனாவது உருப்படியாக் கருத்துச் சொல்ல வேண்டாமா? இன்னைக்கும் அந்தம்மா என்னையப் பாத்தா எந்திரிச்சு நிக்கும்.

வெறும் மனு பத்தாது, ஆதாரம் வேணும்னாங்க. செரி, ஆதாரம் பண்ணுனேன். எனக்கும் மாப்ளைக்கும் நடுவுல வேலியோரமா ஒரு செண்ட் எடம். அதை நான் மாப்ளைக்குக் கிரயம் எழுதிக் குடுத்தேன். சதுர அடி ஆயிரத்தி எண்ணூறுன்னு வெலை போட்டு. பணமெல்லாம் கை மாறல. பத்திரச் செலவு அப்ப நூத்துக்குப் பதினொண்ணு; அந்த எம்பதாயிரத்துச் சொச்சமும் என்ர ரிட்டயர்மெண்ட் காசுல இருந்து கட்டுனேன். 'மச்சான் சொன்னாச் செரியாத்தான் இருக்கும்'னு மாப்ள கையெழுத்துப் போட்டாரு. அந்தப் பத்திரத்தைக் காட்டித்தான் ஆயிரத்தி அறநூறு வாங்குனேன். பட்டியல் வந்த அன்னைக்கு எங்க வீதியில எனக்கு மாலை போட்டாங்கங்க. முட்டாய் குடுத்தாங்க. கை தட்டுனவங்கதான் அத்தனை பேரும்.

அப்பறம் ரோடு வரல. ஆரோ எங்கயோ ஒக்காந்து, ஊருக்கு அக்கட்ட கரட்டு மேல பைபாஸ் போட்டுட்டாங்க. நாலு கிலோமீட்டர் தள்ளி. செவுத்துல அந்தச் செவப்பு நம்பரு இன்னும் அப்பிடியே கெடக்குது, பெயிண்டு நல்ல பெயிண்டு. ரோடு போயிருச்சு, வெலை நின்னுருச்சு. சொல்லுங்க, தப்பு ஆரு மேல? ரோட்டை மாத்துனது நானா? ரோட்டை மாத்துனா வெலையையும் மாத்தோணும்னு ஒரு அறிவு வேண்டாமா ஒரு கவர்மெண்டுக்கு? ஒரு கையி பண்றது இன்னொரு கைக்குத் தெரியாது. முட்டாய் தின்னவங்க இன்னைக்கு என்னையக் கண்டா கதவைச் சாத்தறாங்க. வாங்கறவன் விக்கறவன் எல்லாத்துக்கும் நாந்தான் கெடுத்தேங்கறாங்க.

அது கெடக்கட்டும். ஊருக்காரன் பேசுனாப் பேசிட்டுப் போறான். கூடப் பொறந்தவ பேசலாமா? நான் எனக்கு மட்டுமா செஞ்சேன்? அவளுக்குஞ் சேத்தித்தான செஞ்சேன்.

மில்லுக்காரரு போனதுக்கு அப்பறம் நானே பத்திர ஆபீசுக்குப் போனேன். அந்தம்மா எந்திரிச்சு நின்னாங்க, சேர் போட்டாங்க. எறக்கிக் குடுங்கன்னு கேட்டேன். 'ஏத்தறது சுலுவுங்க ஐயா, எறக்கறது மாவட்டக் கமிட்டிக்குப் போகோணும்'னாங்க. போகட்டும், அனுப்புங்கன்னேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, 'உங்க வீதியில இந்த நாலு வருசத்துல ஒரே ஒரு கிரயந்தான் பதிவாயிருக்குது, அது உங்களுது. ஆயிரத்தி எண்ணூறு. அதைய வெச்சுக்கிட்டு தொள்ளாயிரந்தான் போகும்னு நான் எப்பிடி எழுதறது?'ன்னு கேட்டாங்க. என்ன பண்றதுன்னேன். வித்தவரும் வாங்குனவரும் அது நெச வெலை இல்லைன்னு எழுதிக் குடுத்தா, அந்தக் கிரயத்தைத் தள்ளி வெச்சுட்டு மேல அனுப்பறேன்னாங்க. மாப்ள மறுநாளே எழுதிக் குடுத்துட்டாரு. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையில. அவருக்கென்னங்க, ஒடம்பு முடியாத மனுசன், ஆஸ்பத்திரியத் தவிர வெளியில போறது வர்றது இல்ல.

நான் எழுதல.

இருங்க, சொல்றேன். மொதல்ல பென்சனை நெனைச்சேன். அரசு ஊழியரா இருந்தவன் பொய்க் கிரயம் எழுதுனேன்னு கைப்பட எழுதிக் குடுத்தா, பென்சன்ல கை வெச்சுட்டாங்கன்னா? வக்கீலைப் போயிக் கேட்டேன். 'கொறைச்சு எழுதுனாத்தான் கேசு, நீங்க கூட்டி எழுதியிருக்கறீங்க, கவர்மெண்டுக்கு லாபந்தான, ஒண்ணும் ஆகாது'ன்னு சிரிக்கறாரு. சிரிப்பாரு. போறது அவரு பேரா?

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் சர்வீசுல இருக்கறப்ப எங்கூரு ஜவுளிக்கடைக்காரரு ஒருத்தரு, மாடி மேல மாடி கட்டிப்போட்டு, பழைய ஓட்டு வீட்டுக்கு வரி கட்டிக்கிட்டு இருந்தாரு. பெரிய மனுசன். கோயில் திருவிழாவுல மொத மரியாதை அவருக்குத்தான். நான் டேப்பை எடுத்துக்கிட்டுப் போயி அளந்தேன். பாக்கி வரியை அப்பவே கட்டறேன்னாரு. அது பத்தாது, தெரிஞ்சே பொய் சொன்னேன்னு எழுதிக் குடுங்கன்னேன். எழுதி வாங்கி ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனேன். ஒட்டோணும்னு சட்டம் ஒண்ணும் இல்லீங்க. ஒட்டுனாத்தான மத்தவனுக்குப் புத்தி வரும்? ஒரு மாசம் அந்த மனுசன் கடைக்குப் பின்பக்கமாப் போயிப் பின்பக்கமா வந்தாரு. அந்த வருசம் மொத மரியாதைக்கும் வரல. ஆனா எங்க பேரூராட்சியில வரி வசூலு அந்த வருசம் நூத்துக்கு நூறு. கலெக்டரு சால்வை போத்துனாரு எனக்கு. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு அதே மாதிரி ஒரு காயிதத்தை எழுதி நீட்டறதா? அந்தாளு இன்னும் உசுரோட இருக்கறாருங்க. நெதம் காலையில எங்க வீதி வழியாத்தான் வாக்கிங் போறாரு.

தங்கச்சி வந்தா எட்டு மாசத்துக்கு முன்னால. வாசல் கேட்டுக்கிட்டயே நின்னுக்கிட்டா, உள்ள வரல. 'அண்ணா, ஒரு வரி. அது நெச வெலை இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு, அவரு அலையறதைப் பாக்க முடியல'ன்னா. நான் அவளுக்குப் புரியற மாதிரித்தான் சொன்னேன். 'இது நம்மளால வந்ததில்ல புள்ளை, கவர்மெண்டுக் கொள்கையே கோளாறு, ரோடு ஒரு இலாகா, பத்திரம் ஒரு இலாகா, நான் முதலமைச்சர் தனிப்பிரிவு வரைக்கும் எழுதியிருக்கறேன்'னு சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, 'நான் கவர்மெண்டைப் பத்தி உங்கிட்டக் கேக்கலண்ணா'ன்னா. போயிட்டா. அதோட செரி. என்ன வார்த்தைங்க அது? நான் என்ன சும்மாவா இருக்கறேன்? பதினாலு மனுப் போட்டிருக்கறேன். பதினாலுக்கும் ரசீது வெச்சிருக்கறேன். ஒரு அண்ணன் இதுக்கு மேல என்ன பண்ணுவான்?

இந்தாங்க, இன்னைக்கு எழுதுனதைப் படிச்சுப் பாருங்க. படிச்ச மனுசன், ஏதாச்சும் உட்டுப்போச்சுன்னாச் சொல்லுங்க. வீதியில சாக்கடை இல்லாதது, பைபாஸ் எத்தனை கிலோமீட்டரு, பன்னித் தொல்லை, ஒரு டயாலிசிஸ் நோயாளி பாதிக்கப்படறாருங்கறது, எல்லாம் இருக்குது.

என்ன, கடைசி வரைக்கும் போயிட்டு மறுக்கா மொதல்ல இருந்து தேடறீங்க? அந்தக் கிரயத்தைப் பத்தி இல்லையேன்னா? இல்லீங்க. அது வேண்டாம்னுதான் உட்டேன்.

இருங்க, கண்டக்டர் தம்பி வர்றாரு. என்ன தம்பி? இது என்ன காசு? ஆரு குடுத்தா?

ஓ.

எப்பிடித் தெரிஞ்சுது அவளுக்கு? நீ சொன்னயா? கேட்டா சொல்லாம என்ன பண்றதுன்னு நிக்கறயே. செரி, போ.

பாருங்க. மாப்ள டிக்கெட் காசாம். இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இல்ல, ஆரம்பத்துல இருந்து அத்தனைக்கும். நோட்டா மடிச்சுக் குடுத்து உட்டிருக்கறா. டயாலிசிஸ் ஆளை வெச்சுக்கிட்டு, வருமானம் இல்லாத வீடு, இவ எங்கிருந்து எடுத்தான்னு தெரியல. இதுல வீம்பு என்னங்க வேண்டிக் கெடக்குது? நான் என்ன பிச்சையா போட்டேன்? கூடப் பொறந்தவன் ஒரு டிக்கெட் எடுக்கக் கூடாதா?

ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்கப் போறாங்க. செத்த காலை ஒதுக்கிக்கங்க, நான் எந்திரிச்சுப் போயி ஒரு கை புடிக்கறேன்.

வேண்டாமாங்க. பாத்தீங்கல்ல? நான் கையை நீட்டறேன், அவ கண்டக்டரைக் கூப்புடறா. அவரும் வந்து மாப்ளையோட தோளைப் புடிச்சு எறக்கி உடறாரு. மாப்ளதான் படியில நின்னு என்னையத் திரும்பிப் பாத்தாரு. 'மச்சான், வெயிலுக்கு முன்னால போயிட்டு வந்துருங்க'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அவருக்கு என் மேல கோவமே இல்லீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல. ரெண்டு வார்த்தை திட்டுனாக்கூட நிம்மதியா இருக்கும்.

ரோட்டைத் தாண்டிட்டாங்களா? அந்த வேப்பமரத்துக்கிட்ட நிக்கறாரு பாருங்க. இருபது அடி நடந்ததுக்கு மூச்சு வாங்குது. அங்கிருந்து டயாலிசிஸ் வார்டு இன்னும் நெம்ப தூரம், ரெண்டாவது கேட்டு. இவ கூடையையும் புடிச்சுக்கிட்டு அவரையும் புடிச்சுக்கிட்டு.

இதெல்லாம் ஒரு கவர்மெண்டு பாக்க வேண்டாமாங்க? ஒரு ஆபீசரு நேர்ல வந்து அந்த வீதியைப் பாத்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். வர மாட்டாங்க. காயிதம் குடு, காயிதம் குடும்பாங்க.

என்னங்க இது? பேனாவை எதுக்கு நீட்டறீங்க?

கீழ ஒரு வரிக்கு எடம் இருக்குது, எனக்குந் தெரியும். கையெழுத்துக்கு மேல நாலு விரக்கடை எடம் உட்டுத்தான் எழுதுனேன். ஒவ்வொரு மனுவுலயும் அப்பிடித்தான் உட்டிருக்கறேன். அது சும்மா ஒரு பழக்கம்.

பஸ் இந்த ஆட்டம் ஆடுது, எழுத்துக் கோணிக்கும். ஆபீசுல போயிப் பாத்துக்கலாம். பேனாவை உள்ள வைங்க.

சிக்னல்ல நின்னுருச்சுதான். தெரியுதுங்க. நீங்க பேனாவை உள்ள வைங்க.